அடுப்பில்லாத புகைபோக்கி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கைப்பிள்ளைகள் பகலில் தூங்குவதில்லை. மழை ஓய்ந்து, வறண்ட காற்று மலைச்சரிவில் இறங்கத் தொடங்கியதும் தகரக் கூரைகள் பத்து மணிக்கே படபடக்கும். பிள்ளைக்காம்பராவின் கூரையும் தகரம்தான். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஒற்றை அறை அது. பன்னிரண்டு மணிக்கு மேல் அதற்குள் நின்றால், சுட்ட கல்லை உச்சந்தலையில் வைத்து யாரோ அழுத்துவதுபோல இருக்கும். ஒரு பிள்ளை சிணுங்கும். அதைக் கேட்டு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பதினோரு பிள்ளைகளும் ஒரே குரலில் அழும்.

அப்படி அழுத பிள்ளைகளை ஒன்பது வருஷமாகத் தோள் மாற்றித் தோளில் போட்டு ஆற்றியவள் ஜீவராணி. நாற்பத்து நான்கு வயது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர். உயரமானவள்; பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து குனிந்து முதுகில் ஒரு வளைவு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பால்குடிப் பிள்ளைகளைக்கூட 'வாங்க', 'போங்க' என்றுதான் பேசுவாள். "என்னங்க ஐயா, இன்னைக்குக் கோவமா? சாப்பாடு வேணாமா?" என்று ஆறு மாதக் குழந்தையிடம் கேட்பாள். அறையில் சமையலுக்கும் துடைப்பதற்கும் உதவியாக இருந்த இராக்கம்மா இதைக் கேட்டுச் சிரிப்பாள். "தொரைக்குக்கூட இவ்வளவு மரியாதை கெடைக்காது" என்பாள்.

கலியாணம் ஜீவராணிக்கு மூன்று முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனது. அதற்குப் பிறகு குவைத்துக்குப் போய் ஆறு வருஷம் ஒரு வீட்டில் பிள்ளை வளர்த்தாள். அந்த வீட்டைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. வெளியே மணல் கொதிக்கும்போது, குளிரூட்டிய அறையில் அந்தப் பிள்ளை மூன்று மணிநேரம் புரளாமல் தூங்கும். வெப்பம் இல்லாத இடத்தில் ஒரு குழந்தை எப்படி மூச்சு விடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் சொந்த நாட்டின் தகரத்துக்குக் கீழே அவளுக்கு நிம்மதி இல்லை.

மின்விசிறி ஒன்று இருந்தது. அது கூரையின் சூட்டைத்தான் கீழே தள்ளியது. சன்னல்கள் மேற்கே ரோட்டைப் பார்த்தவை. திறந்தால் லொறிப் புழுதி பிள்ளைகளின் கண்ணிலும் பால் போத்தலிலும் விழும். கிழக்கே வெட்டிய மண்திட்டு. அங்கே சன்னலே கிடையாது. தொட்டில் கட்டினால் மேலே சூடு அதிகம் என்று, எல்லோரையும் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். ஈரத்துணி தொங்கவிட்டாள். கூரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் காய்ந்து, மறுபடி படபடத்தது.

அந்த வருஷம் ஜூன் மூன்றாம் கிழமை சிவசக்தி துவண்டுபோனாள்.

சிவசக்திக்கு ஏழு மாதம். உடம்பெல்லாம் வேர்க்குரு. அன்று ஒரு மணியிலிருந்து அழுதவள் இரண்டரை மணிக்கு அழுகையை நிறுத்தினாள். தூங்கிவிட்டாள் என்று இராக்கம்மா சந்தோஷப்பட்டாள். ஜீவராணி தொட்டுப் பார்த்தாள். கை துணிபோலத் தொங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் கொடுத்து, உடம்பைத் துடைத்ததும் சாயங்காலத்துக்குள் பிள்ளை சிரித்துவிட்டது. ஆனால் தாய் சுதர்ஷினி மறுநாள் பிள்ளையைக் கொண்டுவரவில்லை.

சுதர்ஷினிக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பிள்ளையைப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு ஆறாம் நம்பர் மலைக்கே போய்விட்டாள். இரண்டு மரங்களுக்கு நடுவே சேலையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் கொழுந்தெடுத்தாள். அது தோட்டத்துச் சட்டத்துக்கு விரோதம். கங்காணி வீரய்யா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

சேதி கேட்டதும் ஜீவராணிக்குக் குளவிதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே காற்றுக் காலத்தில், அதே ஆறாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்து ஏழு பெண்கள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரியவர்கள் ஓடலாம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எங்கே ஓடும்?

சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளுக்குப் போனாள். சுதர்ஷினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சுதா, நாளைக்குப் புள்ளையக் கொண்டாந்து விடு."

"வேணாம் டீச்சர்."

"மேல குளவி இருக்கு."

"இருக்கு. குளவி வந்தாலும் வரும், வராட்டியும் வராது. ஒங்க தகரத்துச் சூடு தெனம் வருதே." முறத்தை நிறுத்தாமலே சொன்னாள். "ஒங்களக் கொற சொல்லல டீச்சர். நீங்க என்னா செய்வீங்க. உள்ள வெந்து போறதுக்கு வெளியில காத்துல கெடக்கட்டும்."

சுதர்ஷினி சொன்னதில் பொய் இல்லை.

அந்தக் கிழமையே பிள்ளைக்காம்பராவின் பால் சட்டி அடியில் ஒழுகத் தொடங்கியது. அதை ஒட்டுவதற்கு ஜீவராணி பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குக் கீழே ஒரு சந்தில், அண்ணன் முறையில் எல்லோரும் நாநா என்று கூப்பிடும் ஜுனைதீனின் தகரக்கடை. மழைத்தண்ணீர் இறங்கும் பீலி, வாளி, புகைபோக்கி எல்லாம் அடித்துக் கொடுப்பார். பக்கத்தில் மெத்தைக் கடை. சந்தில் இலை அசையவில்லை. ஜுனைதீன் சட்டியை நெருப்பில் காட்டிக்கொண்டிருக்க, அவள் வாசலில் நின்றாள்.

அங்கே பேக்கரி ஒன்றுக்காகச் செய்த புகைபோக்கிக் குழாய், கறுப்புப் பெயிண்ட் அடித்து, இரண்டு கல்மேல் நிமிர்த்தி வெயிலில் காயவைக்கப்பட்டிருந்தது. மெத்தைக் கடையில் அடித்த இலவம்பஞ்சில் ஒரு துளி தெறித்து, தரையோடு உருண்டு வந்தது. குழாயின் அடிக்கு வந்ததும் தயங்கி, சட்டென்று உள்ளே போனது. ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயின் உச்சியிலிருந்து அந்தப் பஞ்சு வெளியே வந்து, கடைக் கூரைக்கு மேல் மிதந்துபோனது.

அவள் போய் இன்னொரு துளி பஞ்சு எடுத்துவந்தாள். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. குனிந்து கையைக் குழாயின் அடியில் வைத்தாள். மணிக்கட்டை உரசிக்கொண்டு காற்று உள்ளே ஏறியது.

"தங்கச்சி," என்றார் ஜுனைதீன், "அது பேக்கரிக்காரருக்கு. பெயிண்ட் இன்னும் காயல்ல."

"நாநா, இதுக்குள்ள நெருப்பு ஏதும் இருக்கா?"

"வெயில் ஈக்குது. வேற என்னத்துக்கு நெருப்பு? தகரம் சுட்டா உள்ள காத்து சுடும். சுட்டா மேல போகும். எங்கட மாமா மாதிரி, சூடு ஏறின ஒடனே எழும்பிப் போயிடும்."

"அது போனா அந்த எடத்துக்குக் கீழேர்ந்து வேற காத்து வருது."

"வராம? வெறும் எடம் எப்பிடி ஈக்கும்?"

ஜீவராணி சட்டியை மறந்துவிட்டுக் கல்மேல் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "இந்தக் குழாயோட அடிய ஒரு ரூமுக்குள்ள விட்டா, ரூமுல இருக்கிற சூடெல்லாம் இதே மாதிரி ஏறிப் போயிருமா?"

ஜுனைதீன் நெருப்பைத் தணித்தார். அவளை ஒருமுறை பார்த்தார், குழாயை ஒருமுறை பார்த்தார். "என்ட வாழ்க்கையில எத்தின புகைபோக்கி அடிச்சிருக்கேன். அடுப்பில்லாத ரூமுக்கு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "போகும். போகத்தான் வேணும். ஆனா ஒரு குழா பத்தாது. அகலமா வேணும். ஒசரமா வேணும்."

தோட்டத்தில் ஒரு சுவரில் ஆணி அடிப்பதற்கே ஆபீசில் எழுதிக் கேட்க வேண்டும். சுவரில் மூன்று ஓட்டை போடக் கேட்டவள் அவள்தான் முதல் ஆள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கடிதத்தை இரண்டு முறை படித்தார். மழைக்காலத்தில் ஒழுகினால் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும் என்று சொல்லி, லயம் ஒன்றுக்குக் கூரை மாற்றியபோது மிஞ்சிய தகரத்தை எடுத்துக்கொள்ளவும் விட்டார். கூலியை மாதர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

ஜுனைதீன் மூன்று நாள் வந்து வேலை செய்தார். மாலை வெயில் முழுக்க விழும் மேற்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு ஓட்டை. அதிலிருந்து சுவரோடு ஒட்டி, கூரையைத் தாண்டி ஆறடி உயரத்துக்குத் தகரப் பெட்டி, உட்புறம் கறுப்பு. வறண்ட காற்று தகரத்தின் சூட்டைத் திருடிக்கொண்டு போகும் என்று, வெயில் பார்க்கும் முகத்துக்கு மட்டும் பழைய சன்னல் கண்ணாடிகளைப் பொருத்தினார். உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி. சாய்ந்துவிடாமல் நாலு பக்கமும் கம்பி. எதிர்ச் சுவரில், எப்போதும் ஈரமாக இருக்கும் மண்திட்டுப் பக்கம், தரையோடு தரையாக இரண்டு ஓட்டைகள்; அவற்றுக்குக் கம்பிவலை.

"பாம்புக்கு வாசல் வெட்டுறியா ஜீவா?" என்றாள் இராக்கம்மா.

"அதான் வலை போட்டிருக்கே அக்கா."

"பாம்புக்கு வலை போட்டே. குளிருக்கு என்னா போட்டே?"

வேலைக்குப் போகும் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கங்காணி வீரய்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியை அண்ணாந்து பார்த்தார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் மூன்று மலைக்குக் கேட்கும். "என்னா டீச்சர், புள்ளைங்களுக்கு ரொட்டி சுடப் போறீங்களா? அடுப்ப எங்க காணோம்?"

"அடுப்பு மேல இருக்குண்ணே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதுவா அணைஞ்சிரும்."

பெண்கள் சிரித்தார்கள். சுதர்ஷினியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். மார்பில் பிள்ளை. அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் ஏறியது. ஜீவராணி ஓட்டைக்குக் கீழே நின்று காத்திருந்தாள். பன்னிரண்டு மணி. ஒரு மணி. பிள்ளைகள் வழக்கம்போலச் சிணுங்கத் தொடங்கினார்கள். மேலே ஓட்டைக்கு எதிரே கையை வைத்தாள். ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. கண்ணாடிகளைத் துடைத்தாள். உச்சியில் குருவி கூடு வைத்துவிட்டதோ என்று ஏணி போட்டுப் பார்த்தாள். இரண்டு இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை காலை ஜுனைதீனுக்குப் போன் பண்ணினாள்.

"நாநா, ஒங்க பெட்டி வேலை செய்யல."

"என்ட வேலை பிழைக்காது" என்றார் ஜுனைதீன். கடையைப் பூட்டிவிட்டுப் பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

உள்ளே வந்ததும் புழுதி வராமல் கதவைச் சாத்தினார். சாமிப் படத்தடியில் இருந்த ஊதுபத்தி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பற்றவைத்து, ஸ்டூலில் ஏறி மேல் ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். புகை கொஞ்சம் ஓட்டைக்குள் போனது, கொஞ்சம் திரும்பி வந்தது, எங்கே போவதென்று தெரியாததுபோல நடுவில் சுருண்டது.

"இழுக்கப் பாக்குது. இழுக்க ஏலாம ஈக்குது" என்றார். ஸ்டூலிலிருந்து இறங்கினார். "போத்தல வாயில வச்சு உறிஞ்சிப் பாருங்க. கொஞ்சம் வரும், பொறகு வராது. உள்ள காத்து வந்தாத்தானே வெளிய போகும். எங்க நம்மட கீழ் ஓட்டை?"

மூவரும் கிழக்குச் சுவரைப் பார்த்தார்கள். பாய்களுக்குப் பின்னால், தரையோடு, இரண்டு உரச்சாக்குகள் நன்றாகச் சுருட்டி இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தன.

"யாரு அடைச்ச?"

ஜீவராணி இராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாள் சோறு இறங்காத கோபம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. "அக்கா. நான் எவ்வளவு சொன்னேன்."

இராக்கம்மா இடுப்பில் கையை வைத்தாள். "என்னைய ஏன் பாக்குறே? நீதான் அடைச்சே."

"நானா?"

"நீயேதான். காலையில வந்து வெளக்கு வைக்கிறே, பாய் விரிக்கிறே, சாக்க எடுத்து ஒதைச்சுத் திணிக்கிறே. மூணு நாளா பாத்துக்கிட்டு இருக்கேன். என்னமோ மெசினு, காலையில மூடணும், மத்தியானம் தொறக்கணும்னு நெனச்சேன். படிச்ச பொம்பள செய்யறத நான் எங்க கேக்கிறது?"

ஜீவராணி அந்தச் சாக்குகளைப் பார்த்தபடி நின்றாள். மெல்ல மெல்ல அவளுடைய வலது கால் ஞாபகத்துக்கு வந்தது. குதிகாலால் சாக்கை உதைத்த அந்த உதை. லயத்தில் பிறந்தவர்கள் ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார்கள். பலகை இடுக்கு, தகர ஓரம், கதவடி, எங்கே காற்று நுழைந்தாலும் சாக்கோ பழந்துணியோ அங்கே போய்விடும். மடுல்சீமையில் அவள் பிறந்த காம்பராவில் பனி இறங்கும் மாதங்களில் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வேலை தெரியும். காலை ஆறு மணிக்கு மண்திட்டிலிருந்து சில்லென்று வந்த காற்று பாயில் படுத்த பிள்ளைகளின் காலில் பட்டதும், அவள் யோசிக்கவில்லை. கால் யோசித்துவிட்டது.

"ஆறு வருஷம் வெளிநாடு," என்றாள் இராக்கம்மா, "சாக்கு மட்டும் மறக்கல."

ஜுனைதீன்தான் முதலில் சிரித்தார். பிறகு ஜீவராணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குனிந்து இரண்டு சாக்கையும் இழுத்து எறிந்தாள்.

ஜுனைதீன் மறுபடி ஸ்டூலில் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். புகை ஒரு கணம் நேராக நின்றது. பிறகு, யாரோ நுனியைப் பிடித்து இழுத்ததுபோல, சாய்ந்து நீண்டு மேற்குச் சுவரைப் பார்த்து நடந்து ஓட்டைக்குள் நுழைந்தது.

அறை குளிர்ந்துவிடவில்லை. அதை ஜீவராணி யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆனால் தலையில் அழுத்திய கல் இல்லை. தரையோடு ஈரமண் வாசத்துடன் காற்று வந்து, பிள்ளைகளின் முடியை லேசாகக் கலைத்துவிட்டு ஏறிப் போனது. வெயில் ஏற ஏற இழுப்பும் கூடியது. அன்று இரண்டு மணிக்குப் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் தூங்கினார்கள். மறுநாள் ஒன்பது பேர். காலையில் மட்டும் ஓட்டைகளுக்குப் பலகை. வெயில் வந்ததும் அதை எடுப்பது இராக்கம்மாவின் பொறுப்பு. டீச்சரின் காலை நம்ப முடியாது என்று அவளே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

பதினோராவது பிள்ளை இன்னும் ஆறாம் நம்பர் மலையில்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பகல், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே ஜீவராணி போனாள். சுதர்ஷினி கூடையை இறக்கிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்தில் தொட்டில் சேலையின் முடிச்சு அழுத்திய தடம் சிவந்திருந்தது.

"நம்பச் சொல்லல சுதா. வந்து பாத்துட்டுப் போ."

"பாத்தா ஆச்சா டீச்சர்? அன்னைக்கும் புள்ள தூங்குதுன்னுதான் நெனச்சீங்க."

அந்த வார்த்தை ஜீவராணியை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. "ஆமா," என்றாள். "அன்னைக்கு இராக்கம்மாக்கா அப்பிடித்தான் நெனச்சாங்க, நானும் ஒரு நிமிஷம் அப்பிடித்தான் நெனச்சேன். அதனாலதான் நீயே பக்கத்துல இருந்து பாருங்கறேன். புடிக்கலைனா தூக்கிட்டுப் போயிரு. நான் தடுக்கல."

சுதர்ஷினி யோசித்தாள். பிள்ளை அவள் மடியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது. பக்கத்தில் இருந்தவள், "போடி, சாப்பாட்டு நேரந்தானே" என்றாள்.

பிள்ளைக்காம்பரா வாசலில் சுதர்ஷினி நின்றுவிட்டாள். உள்ளே வராமலே கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள். மேலே பார்த்தாள். தூங்கும் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர்களின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு, கொழுந்தெடுக்கும்போது சேலை கிழியாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சிவசக்தியைக் கிடத்தினாள்.

"வாங்கம்மா," என்றாள் ஜீவராணி குழந்தையிடம். "எத்தன நாளாச்சு ஒங்கள பாத்து."

குழந்தை இரண்டு தரம் முனகியது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த முடி காய்ந்து அசையத் தொடங்கியது. சுதர்ஷினி அதன் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்" என்றாள். பிள்ளை தூங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாயின் தலையும் மெல்லச் சரிந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான கொம்பு ஊதியது. சுதர்ஷினி அசையவில்லை. இராக்கம்மா அவளைத் தட்டக் கையை நீட்டினாள். ஜீவராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கால்மணி நேரத்தில் வீரய்யாவின் குரல் ரோட்டிலிருந்தே கேட்டது. "சுதர்ஷினி எங்க? அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடவா?"

ஜீவராணி கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். திட்டுவதற்காக வாயைத் திறந்த வீரய்யா, படியேறி உள்ளே எட்டிப் பார்த்தார். பதினோரு பிள்ளைகளும் ஒரு தாயும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் காற்று பட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

"எழுப்புங்க டீச்சர்," என்றார். அவரிடம் அவ்வளவு சின்னக் குரல் இருப்பது யாருக்கும் தெரியாது.

"நீங்க எழுப்புங்கண்ணே."

வீரய்யா சுதர்ஷினியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "நான் இங்க வரல," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். "இன்னும் பத்து நிமிஷம். அதுக்கு மேல நான் வந்திருவேன்."

பத்து நிமிஷம் கழித்து ஜீவராணி அவள் தோளைத் தொட்டாள். சுதர்ஷினி திடுக்கிட்டு எழுந்தாள். இரண்டு கையும் மடியைத் தடவின. மடியில் பிள்ளை இல்லை. பிறகுதான் பக்கத்துப் பாயில் பார்த்தாள். சிவசக்தி வாய் லேசாகத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். சுதர்ஷினி குனிந்து அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள். உறக்கத்திலேயே குழந்தை அவள் விரலைப் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

கதவருகே போய் நின்றாள். தொட்டில் சேலையை மடித்து ஜீவராணியின் கையில் கொடுத்தாள்.

"முழிச்சா என்னையத் தேடுவா டீச்சர்."

"தேடட்டும். நான் இருக்கேன்."

சுதர்ஷினி படியிறங்கினாள். ஜீவராணி வாசலில் நின்று பார்த்தாள். மார்பில் சுமை இல்லாமல், கையை வீசிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் அவள் மலையேறினாள். முதல் வளைவுவரை நடந்தாள், அதற்குமேல் ஓடினாள். இருபத்திரண்டு வயதுப் பெண் மலையில் எவ்வளவு வேகமாக ஏறுவாள் என்பதை ஜீவராணி அன்றுதான் கவனித்தாள்.